மூடி போட்ட டம்ளர்

மார்ச் 4

அக்காவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. நாலு வருஷம் கழித்து எழுதுகிறான் என்றால் ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்தாவது இந்தப் பக்கத்தை முடி.

செவ்வாய்க்கிழமை எங்கள் லேபுக்கு ஒரு பெட்டி வந்தது. உன் ஊர்ப் பல் டாக்டர் ஒருவர் அனுப்பியது. எங்களுக்கு வருகிற பெட்டிகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். இது 212. திறந்தால் வழக்கமான கண்றாவி. ரப்பர் அச்சில் காய்ந்த எச்சில், ஓரத்தில் கொஞ்சம் ரத்தம், மேல்தாடை அச்சில் காலையில் தின்ற ரொட்டித் துணுக்கு. அலம்பி, மருந்தில் ஊறவைத்து, பிளாஸ்டர் ஊற்றிக் காய்ந்ததும் பிரித்தேன். மேல்தாடையைக் கையில் எடுத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணத்தில் இருக்கிற வரிகள் கைரேகை மாதிரி, ஆளுக்கு ஆள் வேறு. நான் இந்த வேலை படிக்கும்போது அச்சு எடுத்துப் பழக உன் வாயைத்தான் கொடுத்தாய். பதினேழு தடவை. மூன்றாவது தடவை என் புதுச் செருப்பின் மேல் வாந்தி எடுத்தாய். அந்த வரிகள் எனக்கு மறக்குமா? மேல் முன்பல்லின் முனை உடைந்திருப்பதும் அப்படியே இருக்கிறது. அந்தக் கதவை நீயும் மறந்திருக்க மாட்டாய்.

கீழ்த்தாடையில் ஒரு பல்கூட இல்லை. எலும்புக்குள் இறக்கிய நாலு ஸ்க்ரூவின் தலை மட்டும். எல்லாம் எப்போது போயின, அக்கா?

நோயாளிக்கு நாங்கள் எழுதக்கூடாது. முதலாளிக்குத் தெரிந்தால் என் சீட்டு கிழிந்துவிடும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் டாக்டர் அனுப்பிய தாளில் 'கழற்றி மாட்டும் வகை' என்று குறித்திருக்கிறது. ஸ்க்ரூவின் தலையில் ஒரு குமிழ் இருக்கும், பல்செட்டின் அடியில் அதற்கான குழி இருக்கும், சட்டையில் டிச் பட்டன் மாட்டுகிற மாதிரி சொடக்கென்று உட்காரும். பேசும்போது ஆடாது, ஆப்பிள் கடிக்கலாம். ஆனால் தினமும் கையால் கழற்றிக் கழுவ வேண்டும். ராத்திரி தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும்.

டம்ளரில், அக்கா. 'ஸ்க்ரூவில் நிற்கும்' என்று டாக்டர் சொல்லியிருப்பார், இனிமேல் கழறவே கழறாது என்று நீ எடுத்துக்கொண்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். வேலை தொடங்குவதற்குள் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். இதற்காகத்தான் எழுதினேன், வேறு ஒன்றுமில்லை.

தம்பி

•

மார்ச் 11

சுண்ணாம்புக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. தலையெல்லாம் பிளாஸ்டரோடு வீட்டுக்கு வருவாயே, அப்போது வைத்த பெயரே போதும்.

நாலு வருஷமாக என் முகத்தைப் பார்க்காதவன் என் வாய்க்குள் பார்த்திருக்கிறாய். கடிதத்தைப் படித்ததும் எழுந்து போய் வாய் கொப்பளித்தேன். கீழ்வரிசை இல்லாத வாயில் தண்ணீர் எங்கே நிற்கிறது? உதட்டோரம் வழிந்து சீருடை நனைந்ததுதான் மிச்சம்.

ஒரு விடுதியில் முப்பத்தோரு வருஷமாக அறை சுத்தம் செய்கிறவர்களுக்கு மேற்பார்வை பார்க்கிறேன். பினாயில் என்று நீ வைத்த பட்டப்பெயர் அங்கேயும் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. மனுஷர்கள் பூட்டிய கதவுக்குப் பின்னால் எப்படி இருப்பார்கள் என்று என்னைக் கேள். குளியல் தொட்டி ஓட்டையில் சுருண்ட முடி, தலையணைக்கு அடியில் நகத்துண்டு, பாதி டீயில் அணைத்த சிகரெட். அத்தனையையும் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்து சாப்பிடுவேன். கட்டில் பக்கத்தில் ஒரு டம்ளரும் அதற்குள் ஒரு பல்செட்டும் இருந்தால் மட்டும் வேறு ஆளை அனுப்புவேன். யார் சிரிப்பென்றே தெரியாமல் தண்ணீருக்குள் சிரித்துக்கொண்டு கிடக்கும் அந்தச் சனியன். 

அப்பாவுக்கு மட்டும்தான் அதைச் செய்தேன். இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் ஏழு மாசம். ஏழு மாசமும் அவர் வாய்ப்புண் ஆறவில்லை. ஈறில் வெள்ளையாக ஒரு படலம், அதற்கு அடியில் சீழ். போனில் சொன்னால் நீ என்ன சொன்னாய்? "என் வேலையில குறை இல்ல, நீ கழுவுறதுலதான் குறை." வாய் கூசாமல் சொன்னாய். அப்புறம் ஒட்டுப்பசை ஒரு டியூபும் அச்சடித்த துண்டுச்சீட்டு ஒன்றும் அனுப்பினாய். செயற்கைப் பற்களைப் பராமரிக்கப் பத்து வழிகள்! சீழைத் துடைத்த கையோடு அதைப் படித்தேன்.

மெல்ல முடியாமல் சாப்பாட்டை விட்டார், அப்புறம் தண்ணீரை விட்டார். கடைசியில் அவரை ஒற்றைக் கையால் தூக்கிப் புரட்டினேன், அவ்வளவு இளைத்திருந்தார். அதனால்தான் சாவு வீட்டில் அத்தனை பேருக்கு முன்னால், "இவன் செஞ்ச பல்லுதான் எங்கப்பாவக் கொன்னுச்சு" என்றேன். இன்றைக்கும் அதில் ஒரு எழுத்தைக்கூடத் திரும்ப வாங்க மாட்டேன்.

மறுநாள் அந்தச் செட்டைக் கழுவாமல் அப்படியே கட்டி உனக்குப் பார்சல் அனுப்பினேனே, பிரித்துப் பார்த்தாயா?

என் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார், நிலையாக நிற்கும் என்று. வேலையை வேறு லேபுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். உன் மேசையில் இருக்கிற என் வாயை எடுத்துக் குப்பையில் போடு.

அக்கா

•

மார்ச் 19

அக்காவுக்கு,

வேலை இன்னும் மாறவில்லை. 'நிறுத்தி வைக்கவும்' என்று மட்டும் தகவல் வந்திருக்கிறது. உன்னைக் குப்பையில் போடவில்லை. பேப்பரில் சுற்றி இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

கழறாத வகை என்றால் சுத்தம் என்று நினைக்காதே. அதையும் நான் செய்கிறேன், அதுவும் நல்ல வகைதான், யாருக்கு எது பொருந்தும் என்பது டாக்டருக்குத் தெரியும். ஆனால் கழறாததைக் கீழேயும் விடாமல் துலக்க வேண்டும். துலக்காத ஒன்று போன மாசம் பழுது பார்க்க வந்தது. மூன்று வருஷம் வாயிலேயே இருந்தது. அடிப்பக்கத்தைத் திருப்பினால் சாம்பலும் பச்சையுமாக ஒரு குழம்பு. பக்கத்து மேசைக்காரர் டப்பாவை மூடச் சொல்லிவிட்டு வெளியே ஓடினார். அதைப் போட்டிருந்தவர் தினமும் கண்ணாடி முன்னால் பளிச்சென்று சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பார். அதற்கு டம்ளர் எவ்வளவோ மேல்.

பார்சல் விஷயம். பிரிக்கவில்லை. லேபில் இரும்பு அலமாரி மேல், மெழுகுப் பெட்டிகளுக்குப் பின்னால், நீ போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருக்கிறது. ஊரார் எச்சிலில் கைவைத்துப் பிழைக்கிறவன் நான். அப்பாவுடையது என்றதும் கை போகவில்லை. அருவருப்பா, பயமா என்று கேட்காதே. இரண்டும்தான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் செய்ததிலேயே நல்ல செட் அது. மெழுகில் வைத்து ஐந்து தடவை அவர் வாயில் பார்த்தோம். பழைய பல்லில் கீழே ஒன்று கோணலாக இருந்ததல்லவா, அதையும் அப்படியே திருப்பி வைக்கச் சொன்னார். "நேரா வச்சேன்னா எவனோ மாதிரி இருப்பேன்டா." வைத்தேன். அதோடு எட்டு வருஷம் ஆப்பிள் கடித்தார், எலும்பு கடித்தார், என்னையும் கடித்துக் குதறினார். எட்டு வருஷத்தில் ஒரு புண் இல்லை. அப்படி இருந்தது ஏழே மாசத்தில் எப்படிக் கெட்டுப்போகும்? நாலு வருஷமாக நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்.

எங்கே வலிக்கிறது என்று அவர் என்ன சொன்னார்? அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுது.

தம்பி

•

ஏப்ரல் 2

சுண்ணாம்புக்கு,

டாக்டரைக் கேட்டேன். மேசையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தாடையை எடுத்தார், கட்டைவிரலால் நெம்பினார், சொடக்கென்று பல்வரிசை முழுக்க அவர் கைக்கு வந்துவிட்டது. "பாருங்க, எவ்வளவு ஈசி!" என்று என் மடியில் வைத்தார். அதே பல்லைக் காட்டிக்கொண்டு அவரும் சிரித்தார். நாலு ஸ்க்ரூவும் எலும்புக்குள் இறங்கி நாலு மாசம் ஆகிவிட்டது, இனி எங்கே ஓடுவது?

நீ சொன்னது சரி. இதை எழுதும்போதே எரிகிறது.

எப்போது போயின என்று கேட்டாயே. ஈறு வியாதி. ஆடி ஆடி ஒவ்வொன்றாக வந்தன. அதற்கு முன்னால் நாற்றம் வந்தது. எனக்குத் தெரியவில்லை. துணி அறையில் வேலை செய்கிற பெண் நான் பேசும்போதெல்லாம் அரை அடி பின்னால் போவாள். மரியாதை என்று நினைத்தேன். ஊரார் நாற்றத்தையெல்லாம் மோப்பம் பிடித்தவளுக்குத் தன் வாய் நாற்றம் தெரியவில்லை பார். தெரிந்த நாளிலிருந்து முகமூடி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.

கழுவுவதில் குறை என்றாயே, எப்படிக் கழுவினேன் என்று சொல்கிறேன், கேள். கையுறைக்கு மேல் கையுறை. குழாயை முழுசாகத் திறந்துவிடுவேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி, நாற்பது எண்ணும் வரை பிரஷ்ஷால் தேய்ப்பேன். கண்ணைத் திறந்தால் வெண்டைக்காய்க் கொழகொழப்பு மாதிரி ஏதோ கையுறையில் இழையும், அதனால் திறக்கவே மாட்டேன். தவறிப்போய் ஒன்றிரண்டு தடவை கண்ணில் பட்டபோது பல்லிடுக்கெல்லாம் பழுப்பாக இருந்தது. மாத்திரைக் கறை என்று நினைத்தேன். என்ன தேய்த்தும் போகவில்லை. தேய்த்ததும் டம்ளரில் போட்டு மூடிவிடுவேன். அந்த டம்ளருக்கு மூடி தேடிப் போட்டதே நான்தான். 

இப்போது அவர் சொன்னது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த அன்றைக்கே ஆரம்பித்தார்.

"இது என் பல்லு இல்லம்மா."

"உங்க பல்லுதான்ப்பா. வாயத் தொறங்க."

"என் பல்லு எங்க?"

"வாயிலதான் இருக்கு."

எலும்பு டாக்டரைக் கேட்டால், இந்த வயசில் மயக்க மருந்து கொடுத்தால் புத்தி கொஞ்சம் தடுமாறும் என்றார். தினமும் இதே பேச்சுதான். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். சில நாள் கத்தினேன். ஒரு நாள் அவர் துப்பிவிட்டார், என் காலடியில் வந்து விழுந்தது. எடுத்து அலசி, கட்டைவிரலால் அழுத்தி மாட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது அவருக்கு. எனக்கு வரவில்லை. அவ்வளவு அலுத்துப் போயிருந்தேன்.

பார்சலைப் பிரி. என்ன தப்பு என்று பார்த்து எழுது. அதுவரை என் வேலையைத் தொடாதே. தப்பு எங்கே என்று தெரியாதவன் எனக்கும் அதையேதான் செய்து கொடுப்பான்.

அக்கா

•

ஏப்ரல் 10

அக்காவுக்கு,

பிரித்தேன். கீழ்த்தாடைச் செட்டின் உயரம் கூடிவிட்டது. அதனால் அழுத்தி அழுத்திப் புண்ணாகியிருக்கிறது. தப்பு என்னுடையதுதான். மன்னித்துவிடு.

உன் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். நல்ல கைகாரர். கவலைப்படாதே.

தம்பி

•

ஏப்ரல் 16

சுண்ணாம்புக்கு,

உனக்கு ஐம்பத்திரண்டு வயசு. இந்த ஐம்பத்திரண்டு வருஷத்தில் 'மன்னித்துவிடு' என்று நீ யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. கதவை என் முகத்தில் அறைந்து முன்பல்லை உடைத்தபோது, "கதவு தானா வந்துச்சு" என்றவன் நீ. அப்பா பெல்ட்டைக் கழற்றிய பிறகும் கதவு தானாகத்தான் வந்தது.

போன மாசக் கடிதத்தில் அது ஐந்து தடவை வைத்துப் பார்த்த செட், எட்டு வருஷம் ஆப்பிள் கடித்த செட். இந்த மாசம் உயரம் கூடிவிட்டதா? வளர்வதற்கு அது என்ன செடியா? நான் படிக்காதவள்தான், மடச்சி இல்லை.

முழுசாகக் கழுவாத அறையில் ஊதுபத்தி ஏற்றி வைப்பார்கள் எங்கள் ஆட்கள். வாசனை வந்தாலே எனக்குச் சந்தேகம் வரும், நேராகக் கட்டிலைத் தூக்கிப் பார்ப்பேன். உன் கடிதத்தில் அந்த வாசனைதான் வருகிறது.

என்ன பார்த்தாய்? சொல்ல முடியாவிட்டால் அந்தச் செட்டை அப்படியே எனக்கு அனுப்பு. இந்தத் தடவை நானே கண்ணைத் திறந்து பார்க்கிறேன்.

அக்கா

•

ஏப்ரல் 24

அக்கா,

உட்கார்ந்து படி.

எல்லோரும் வீட்டுக்குப் போகட்டும் என்று காத்திருந்து, சாயங்காலம் முடிச்சை அவிழ்த்தேன். நாலு வருஷ நாற்றம் கட்டிக்கிடந்தது, அழுகிய பூத்தண்ணீர் மாதிரி. உள்பக்கம் கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மருந்தில் போட்டேன். நீ செய்ததையே செய்தேன். மறுநாள் எடுத்து விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன்.

கீழ்வரிசை நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது, அக்கா. கோணல் பல் இல்லை.

நான் செய்கிற ஒவ்வொரு செட்டிலும் இடது கடைசிப் பல்லுக்குக் கீழே, உள்பக்கம், ஓர் அரிசி அளவு செம்புக் கம்பியைப் புதைத்து வைப்பேன். என் கை அடையாளம் அது. தேடினேன். இல்லை. ஒருவேளை விழுந்திருக்குமோ என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். விழுந்த குழிகூட இல்லை. பழுப்பு என்றாயே, அது மாத்திரை இல்லை, வருஷக்கணக்கான புகையிலைக் கறை. நம் அப்பா புகையிலையைக் கையால் தொட்டதில்லை. அவர் தாடையின் பழைய பிளாஸ்டர் என்னிடம் இருக்கிறது. அதன் மேல் இதை வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது, மறுபக்கம் ஈறில் கத்தி மாதிரி இறங்குகிறது. சரியாக நீ சீழ் துடைத்த இடம்.

இது அப்பாவுடையது இல்லை. யாரோ ஒரு புகையிலைக்காரருடையது. ஆஸ்பத்திரியில் மாறியிருக்க வேண்டும், வேறு எங்கேயும் மாற வழியில்லை. ஏழு மாசம் அவர் இன்னொருத்தன் வாயை வாயில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எழுதும்போதே உடம்பு கூசுகிறது. அவர் புத்தி ஒரு நாளும் தடுமாறவில்லை. தினமும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

போன கடிதத்தில் பொய் சொன்னேன். உன்னைக் காப்பாற்றத்தான் என்று சொன்னால் அதுவும் பாதிப் பொய். கொன்றது என் பல் இல்லை என்று தெரிந்ததும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். தனியாக நின்று சிரித்தேன், அக்கா, கையில் அதை வைத்துக்கொண்டு. அப்புறம்தான் வாந்தி வந்தது.

தம்பி

•

மே 6

தம்பிக்கு,

பத்து நாளாக எழுதலாம் எழுதலாம் என்று உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

அந்த வார்டில் ஆறு கட்டில். எல்லாரும் கிழவர்கள், எல்லாருக்கும் பல்செட். ஆயாம்மா காலையில் ஒரு நீல வாளியோடு வருவாள், எல்லா டம்ளரையும் அதில் கவிழ்த்துக்கொண்டு போய் மொத்தமாகக் கழுவிக்கொண்டு வருவாள். மற்ற நாளெல்லாம் அவளே பார்த்துக் கொடுத்துவிடுவாள். வீட்டுக்குக் கிளம்பும் அன்றைக்குப் புது ஆள். வாளியை என் முன்னால் நீட்டி, "எது உங்களுது, பாத்து எடுத்துக்கங்க" என்றாள். ஆறு ஜோடி, நுரைத் தண்ணீரில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்து சிரித்தன. நான் மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றேன். "அதோ, அது" என்றேன்.

நான்தான் கைகாட்டினேன்.

மேலே கிடந்ததைக் காட்டினேன். அவ்வளவுதான். எதையாவது காட்டினால் வாளி போய்விடும் என்று இருந்தது. வேலையிடத்தில் ஒரு துண்டு மாறினால் மடிப்பைப் பார்த்தே எந்த அறையுடையது என்று சொல்கிறவள் நான். பெற்ற அப்பனின் பல்லை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அப்புறம் ஏழு மாசம் அதை என் கட்டைவிரலாலேயே அழுத்தியிருக்கிறேன். அவர் ஒவ்வொரு நாளும் சொல்லச் சொல்ல.

உன்னைச் சாவு வீட்டில் அப்படிச் சொன்னேன். நாக்கில் நரம்பில்லாமல் சொன்னேன். இப்போது எதைச் சொல்லி அதைத் திரும்ப வாங்குவேன்?

நம் அப்பா பல்லோடு எங்கேயோ ஒரு கிழவர் புகையிலை மென்றுகொண்டிருந்திருப்பார். அவருக்கும் புண் வந்திருக்கும். அவர் வீட்டிலும் யாராவது, "வாயிலதான் இருக்கு" என்று சொல்லியிருப்பார்கள்.

கண்ணாடியில் என்னைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. பல் இல்லாததால் இல்லை.

அக்கா

•

மே 20

அக்காவுக்கு,

இதையும் தெரிந்துகொள். அந்த ஏழு மாசத்தில் நான் ஒரே ஒரு தடவை வந்தேன், நினைவிருக்கிறதா? நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் ஸ்டூல், ஸ்டூலில் உன் மூடி போட்ட டம்ளர். எடுத்துப் பார்த்துவிடலாம், எங்கே அழுத்துகிறது என்று தெரிந்துவிடும் என்றுதான் மூடியைத் தூக்கினேன். ஒரு விரற்கடை தூக்கியிருப்பேன். நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. மூடிவிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

உள்ளே ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். நான் செய்தது இல்லை என்று கண் இமைக்கும் நேரத்தில் தெரிந்திருக்கும். உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. எனக்கு அதுதான் தொழில். அவர் இன்னும் சில வருஷம் ஆப்பிள் கடித்திருப்பார். ஆகவே கைகாட்டியது நீ மட்டும் என்று நினைக்காதே.

212 வேலையை வேறு ஆளிடம் கொடுக்கவில்லை. நானே செய்தேன். நாலு குமிழுக்கு நாலு குழி, பிளாஸ்டரில் மாட்டிப் பார்த்தேன், சரியாகச் சொடக்கென்று உட்காருகிறது. இடது கடைசிப் பல்லுக்குக் கீழே செம்பு வைத்திருக்கிறேன். உன் ஸ்க்ரூக்களின் இடைவெளி உலகத்தில் வேறு யாருக்கும் இருக்காது. இன்னொருத்தர் வாயில் இது ஏறாது, இன்னொருத்தருடையது உன் வாயில் ஏறாது. இந்த வகைப் பல்லில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

துண்டுச்சீட்டு வைக்கவில்லை.

தம்பி

•

ஜூன் 14

தம்பிக்கு,

போன வாரம் மாட்டினார்கள். முதலில் ஒரு பாறாங்கல்லை வாயில் வைத்த மாதிரி இருந்தது, இரண்டு நாளில் பழகிவிட்டது. துணி அறைப் பெண் இப்போது பின்னால் போவதில்லை. முகமூடியைக் கழற்றியதும், "நீங்க சிரிப்பீங்களா மேடம்?" என்று கேட்டாள். சிரித்துக் காட்டினேன், பயந்துவிட்டாள்.

முதல் நாள் ராத்திரி கழற்ற முடியவில்லை. கட்டைவிரலை வைப்பேன், எடுத்துவிடுவேன். கடைசியில் நெம்பியதும் கையில் விழுந்தது, சூடாக, எச்சிலோடு, சாப்பாட்டு மிச்சத்தோடு. சீ என்றுதான் இருந்தது. உன்னிடம் எதற்குப் பொய்? இன்றைக்கும் சீ என்றுதான் இருக்கிறது. அது போகாது போலிருக்கிறது. ஆனால் கையுறை போடுவதில்லை, விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணைத் திறந்து, உள்ளும் புறமும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். இடது ஓரத்தில் உன் செம்பு மினுக்கும். அதைப் பார்த்த பிறகுதான் டம்ளரில் போடுகிறேன். மூடி போடுவதில்லை.

அந்தப் புகையிலைக்காரர் செட்டை எறிந்துவிடாதே. தேடிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள், தெரியும். கழுவித் துடைத்து வை.

மெதுவாக, முடிந்தபோது, ஒரு தடவை வந்துவிட்டுப் போ. வந்தால் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. பேசாமல் உட்கார்ந்திருக்கலாம்.

ஒன்று மட்டும் இப்போதே கேட்டு வைக்கிறேன். எனக்கும் ஒரு நாள் இடுப்பு உடையும், ஏதாவது ஒரு கட்டிலில் கிடப்பேன். இது மாறவே மாறாது என்று நீ சொல்கிறாய், நம்புகிறேன். ஆனாலும் அன்றைக்கு நான், "இது என் பல்லு இல்லடா" என்று சொன்னால், பினாயிலுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று யாரும் சொல்ல விடாதே. வாயைத் திறக்கச் சொல். கழற்றி எடு. குமட்டினாலும் எடுத்துப் பார்.

அக்கா